பழைய தேக்கில் போட்டோச் சட்டம் போட ஒரு ரூட்டர் மேசை

மரத்தில் பள்ளமும் வளைவும் வெட்டக் கையில் பிடித்து ஓட்டும் மிஷினான ரூட்டரைத் தலைகீழாக்கி ஒரு பலகைக்கு அடியில் தொங்கவிட்டால் அதுதான் ரூட்டர் மேசை. பலகையில் உள்ள ஓட்டை வழியாக, சுற்றி வெட்டும் முனையான பிட்டு மட்டும் மேலே தலை நீட்டும். மிஷின் அசையாது, மரத்தைத்தான் நாம் நகர்த்துகிறோம். ரெண்டுக்கு ஒண்ணு ரீப்பர் மாதிரி ஒல்லியான மரத்தின் மேல் ரூட்டரின் அடித்தட்டு நிற்க இடமே கிடையாது. ஆனால் அதே ரீப்பரை மேசை மேல் படுக்கவைத்துத் தள்ளினால் சுகமாகக் காடி, அதாவது நீளப் பள்ளம், விழும்.

செட்டிநாட்டுப் பக்கம் இந்த மேசைக்கு வேலை நிறைய உண்டு. பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டிய ஐயா, அப்பத்தா படங்களின் சட்டங்கள் செல்லரித்திருக்கும். அலமாரிக் கதவில் கண்ணாடி உட்காரும் காடி உடைந்திருக்கும். புதுச் சட்டத்துக்கு மரமும் உள்ளூரிலேயே இருக்கிறது: வீடு பிரித்த தேக்கு. குறைச்சல் மேசை ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விலை உயர்ந்த மேசையில் வருவதில் முக்கால்வாசி அலங்காரம். தட்டையான பரப்பு, அதற்குச் செங்குத்தான ஃபென்ஸ் (மரத்தை அணைத்து ஓட்டும் தடுப்பு), பிட்டை நன்றாகக் கவ்வும் காலெட் என்ற மூன்றும் சரியாக இருந்தால் பிளைவுட் மேசையே போதும். இவற்றில் ஒன்று தவறினாலும் எந்த மேசையும் உதவாது. காசையும் பொறுமையையும் இந்த மூன்றில்தான் போட வேண்டும்.

மிஷின்

ஆசாரிகள் கையில் பரவலாக இருப்பது ட்ரிம்மர் என்ற சின்ன ரூட்டர், 500 முதல் 700 வாட் வரை. மக்கீட்டா 3709 இந்த ரகம்: 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று, வேகத்தைக் குறைக்க வழியில்லை. மைக்கா விளிம்பு சீவவும் சின்ன வளைவு போடவும் இது அருமையான கருவி. மேசைக்கு அடியில் மாட்டினால் 25 மி.மீ. விட்டத்துக்கு மேல் எந்தப் பிட்டையும் இதில் போடக் கூடாது. போட்டோச் சட்டம், சின்னப் பெட்டி என்ற அளவில் நிறுத்திக்கொள்பவருக்கு இதுவே போதும்.

கதவு, ஜன்னல் வரை போக எண்ணமிருந்தால் 1,200 வாட்டுக்குக் குறையாமல், வேகக் கட்டுப்பாட்டுச் சக்கரம் உள்ளதாக வாங்குங்கள். மக்கீட்டா ஆர்.பி.2301 எஃப்.சி. போன்ற 2,100 வாட் மிஷினில் வேகத்தை 9,000 முதல் 22,000 சுற்று வரை மாற்றலாம். வேகக் கட்டுப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டாலே தெரியும். 80 மி.மீ. விட்டமுள்ள பேனல் பிட்டு 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 10,000 சுற்றுக்கு இறக்கினால் 150. தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 25 மி.மீ. வரை முழு வேகம், 25 முதல் 50 வரை 16,000 முதல் 18,000, 50க்கு மேல் 12,000, 65ஐத் தாண்டினால் 10,000. பிட்டின் தண்டிலோ உறையிலோ உச்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுதான் இறுதி.

பிட்டின் தண்டைக் கவ்வும் பிளவுபட்ட குழல்தான் காலெட். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான். பட்டறைக் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஆகவே ‘ரெண்டு நூல் தண்டு’ என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. சந்தையில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 6 மி.மீ. தண்டை ரெண்டு நூல் காலெட்டில் போட்டால் நட்டு இறுகியது போல இருக்கும். ஓடும்போது பிட்டு மெல்ல நழுவி மேலேறி, காடி போகப்போக ஆழமாகும். கடைசியில் கழன்று பறக்கவும் செய்யலாம். 12 மி.மீ.க்கும் நாலு நூலுக்கும், அதாவது 12.7க்கும், இதே கதைதான். கடைக்கு வெர்னியர் காலிப்பரோடு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. மிஷின் நாலு நூல் காலெட் உள்ளதாக இருந்தால் பெரிய பிட்டுகளை அந்தத் தண்டிலேயே வாங்குங்கள். தண்டு தடித்தால் அதிர்வு குறையும், வெட்டும் வழவழப்பாக வரும்.

மேலே பலகை, நடுவில் பிளேட்

18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 36 மி.மீ. கனம் ஆக்குங்கள். 800க்கு 550 மி.மீ. அளவு வீட்டு வேலைக்குத் தாராளம். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் மேசைப் பலகை இரண்டும் ஃபென்ஸும் எடுத்த பிறகும் அடிப்பெட்டிக்கு மிச்சம் இருக்கும். ஒட்டும்போது மொசைக் தரையை நம்பி அதன் மேல் வைக்காதீர்கள். முற்றத்தை ஒட்டிய தரை தண்ணீர் வடிய வாட்டமாகவே போட்டிருக்கும், ஒட்டும் பலகையும் அதே முறுக்கைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி மேசையோ கிரானைட் திண்டோ நல்லது.

மேலே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியிலும் கட்டாயம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மைக்கா இருந்தால், ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பும், மேல்பக்கம் உப்பாது, பலகை வளைந்துவிடும். கடையில் மிஞ்சிய மட்ட மைக்கா அடிக்குப் போதும், யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

ரூட்டர் தொங்குவது இந்தப் பலகையில் அல்ல, நடுவில் பதிக்கும் பிளேட்டில். ரெடிமேடாகக் கிடைக்கும் அலுமினிய பிளேட்டில் 235க்கு 298 மி.மீ. பரவலான அளவு. லேத் பட்டறையில் 6 மி.மீ. அலுமினியத் தகட்டை அறுத்துத் துளை போட்டும் வாங்கலாம். அக்ரிலிக் வேண்டாம். பெரிய ரூட்டர் ஆறு கிலோ வரை எடை இருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தப் பாரம் தொங்கினால் அக்ரிலிக் மெதுவாகத் தொய்ந்துபோகும். பிளேட்டின் நடு ஓட்டைக்கு இரண்டு மூன்று அளவில் வளையங்கள் இருக்கட்டும். பிட்டைச் சுற்றி 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஒல்லியான மரத்தின் முனை அதற்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

பதிக்கும் முறை:

1. ரூட்டரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, பிளேட்டின் நடுவில் டபுள் டேப்பால் ஒட்டுங்கள். தட்டின் நடுத்துளையும் பிளேட்டின் நடுத்துளையும் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று அளந்துவிட்டு, ஸ்க்ரூத் துளைகளைக் குறித்துத் துளையுங்கள். ஸ்க்ரூத் தலை பிளேட்டுக்குள் அமிழ்ந்து மறைய வேண்டும்.

2. பிளேட்டின் நான்கு மூலையிலும் 5 மி.மீ. மரை போட்டுத் தலையில்லாத ஸ்க்ரூக்களை இறக்குங்கள். பிளேட்டை மட்டம் பார்த்து ஏற்றி இறக்க இவைதான் கால்கள்.

3. பலகையில் பிளேட்டை வைத்து நான்கு பக்கமும் நேர்க்கட்டைகளை அணைத்து டபுள் டேப்பில் ஒட்டுங்கள். பிளேட்டை எடுத்தால் அதே அளவில் ஒரு செவ்வகக் கூடு நிற்கும்.

4. பேரிங் தண்டுப்பக்கம் உள்ள பேட்டர்ன் பிட்டைக் கைரூட்டரில் போட்டு, பேரிங் கட்டைகளை உரசியபடி சுற்றி ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம். கடைசி ஆழம் பிளேட்டின் கனத்தைவிட 1 மி.மீ. அதிகம். மூலையில் பிட்டின் ஆரமே விழும் என்பதால், பிளேட்டின் மூலையையும் அதே ஆரத்துக்கு அரத்தால் உருட்டிவிடுங்கள்.

5. உள்ளே சுற்றிலும் 12 மி.மீ. விளிம்பு விட்டு, மிச்சத்தை ஜிக்சாவால் அறுத்து எடுங்கள். முதலில் ஓட்டை அறுத்துவிட்டுப் பிறகு விளிம்பு எடுக்கப் போனால் ரூட்டர் நிற்க இடமிருக்காது.

6. பிளேட்டை இறக்கி, எஃகு ஸ்கேலை நெட்டுவாக்கில் நிறுத்திவைத்து மூலை ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். ஸ்கேலுக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் தாள்கூட நுழையக் கூடாது.

ஆறாவது படியில் அரை மணி நேரம் போனாலும் போகட்டும். மரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். பிளேட்டின் வலது விளிம்பு மேசையைவிட உயர்ந்திருந்தால் மரம் அங்கே முட்டி நிற்கும். பிளேட்டைவிட அதன் இடதுபக்க மேசை உயர்ந்திருந்தாலும் அப்படித்தான். அந்த ஒரு நொடித் தடங்கலில் பிட்டு ஒரே இடத்தைத் தேய்த்துக் கருக்கிவிடும். புதியவர்கள் பிட்டு மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குவார்கள்.

மோட்டாரை அழுத்தி இறக்கும் பிளஞ்ச் ரூட்டராக இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினால்தான் தலைகீழாக ஏற்றி இறக்க முடியும். துணியைப் போர்த்திக்கொண்டு கழற்றுங்கள், தெறிக்கும். உயரம் மாற்றத் தனி லிஃப்ட் வாங்க வசதியில்லாவிட்டால் பழைய காரின் கத்தரி ஜாக்கியை அடியில் வைத்துத் திருகலாம். நுணுக்கமாகவே ஏறும்.

மேசையின் உயரம் மூன்று அடி, அதாவது 900 மி.மீ. கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டுங்கள். ஆத்தங்குடி ஓடு சிமெண்ட் ஓடுதான், அதிர்கிற இரும்புக் கால் அதில் கீறல் போட்டால் போட்டதுதான்.

ஃபென்ஸ்

18 மி.மீ. பிளைவுட்டில் 800க்கு 120 மி.மீ. பலகை இரண்டு எடுத்து, ‘ட’ போல ஒன்று படுக்கையாகவும் ஒன்று நிற்கவும் ஒட்டி, பின்னால் நான்கு முக்கோணக் கட்டை முட்டுக் கொடுங்கள். நடுவில் பிட்டு ஒளிந்துகொள்ள 60 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு. அதற்குப் பின்னால் பெட்டி அடித்து வேக்கூம் குழாய் மாட்டினால் தூளில் பெரும்பகுதி வெளியே வராது. பசை காய்வதற்குள் மூலைமட்டம் வைத்து மூன்று இடத்தில் செங்குத்துப் பாருங்கள். ஃபென்ஸ் சாய்ந்திருந்தால் காடியும் சாயும், கண்ணாடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மேசை விளிம்புக்கு ஃபென்ஸ் இணையாக இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. மேசை ரம்பத்துக்கு அது வேண்டும். இங்கே வெட்டுவது வட்டமான ஒரு பிட்டு, அதிலிருந்து ஃபென்ஸ் எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் கணக்கு, கோணத்துக்கு வேலையே இல்லை. அதனால் ஒரு முனையை ஒற்றை போல்ட்டில் சுழலவிட்டு, மறுமுனையை ஜி கிளாம்ப்பால் பிடித்தால் போதும். இதில் ஒரு லாபமும் உண்டு: பிட்டு நடுவில் இருப்பதால், கிளாம்ப் முனையை 1 மி.மீ. நகர்த்தினால் பிட்டின் அருகே அரை மி.மீ.தான் நகரும். நுணுக்கம் தானாகவே கிடைக்கிறது.

ஃபென்ஸின் முகத்தை வலம், இடம் என இரண்டு தனிப் பலகையாக ஸ்க்ரூ போட்டு வைத்தால், இடது முகத்துக்குப் பின்னால் ஒரு மைக்காத் துண்டைச் செருகி அதை 1 மி.மீ. முன்னால் தள்ளலாம். நேர்ப்பிட்டின் வெட்டு விளிம்பை இடது முகத்தோடு ஒட்டினாற்போல வைத்தால், ரீப்பரின் விளிம்பு இழைப்புளி போட்டது போல நேராகும். கோணிய பழைய மரத்துக்கு இது பெரிய வரம்.

கரண்டும் இடமும்

2,100 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபேன், லைட்டுக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். பழைய கட்டுகளில் ஒயரிங் போட்ட காலத்தைக் கண்டவர் யாருமில்லை என்றால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதித்து, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ரூட்டரின் சொந்த சுவிட்ச் மேசைக்கு அடியில் போய்விடும். அதை ஆன் செய்தபடியே விட்டு, முன்பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் தனி சுவிட்ச் வைக்க வேண்டும். சாதா சுவிட்ச் போதாது. கரண்ட் போனால் தானாக விழுந்து, திரும்ப வந்தாலும் நாம் அழுத்தும்வரை எழாத நோ வோல்ட் சுவிட்ச் வேண்டும். கரண்ட் போய்விட்டதே என்று பிட்டைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் வந்து தொலைத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வைக்கும் இடம் பின்கட்டுத் தாழ்வாரம். வளவுக்குள், அதாவது முற்றம் சூழ்ந்த உள்வீட்டில், வைத்தால் தூள் மேல்மாடி வரை போகும், சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கக்கூடியது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசம், காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் வேண்டும். கையுறையும் தொங்கும் துண்டும் கூடவே கூடாது, பிட்டு அவற்றைத்தான் முதலில் சுற்றும்.

பிட்டும் திசையும்

ஆரம்பத்துக்கு ஐந்து பிட்டு: 6 மி.மீ. நேர்ப்பிட்டு, 12 மி.மீ. நேர்ப்பிட்டு, பேரிங் வைத்த பேட்டர்ன் பிட்டு, ரெண்டு நூல் ஆர வளைவுப் பிட்டு, 45 டிகிரிச் சரிவுப் பிட்டு. முப்பது பிட்டுப் பெட்டி மலிவாகக் கிடைக்கும், அதில் இருபத்தைந்து துருப்பிடித்துத்தான் வெளியே வரும். தேக்கில் மணல்சத்து உண்டு, சாதா எஃகு சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனை கட்டாயம்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். தண்டை அடிவரை இறக்கி, 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து, பிறகு நட்டை இறுக்குங்கள். அடியில் முட்டியபடியே இறுக்கினால், காலெட் சுருங்கும்போது பிட்டோடு சேர்ந்து கீழே இறங்க இடமில்லாமல் அரைப்பிடியாக நிற்கும். தண்டில் முக்கால் பங்காவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும்.

திசை இதுதான்: ஃபென்ஸ் உங்களுக்கு எதிரே, மரம் வலமிருந்து இடம். மேலிருந்து பார்த்தால் பிட்டு கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும், உங்கள் பக்கமுள்ள அதன் முனை இடமிருந்து வலமாக ஓடும். மரம் அதை எதிர்த்துப் போவதால் கை ஒரு சீரான தடையை உணரும், மரமும் ஃபென்ஸோடு அணைந்து போகும். மாற்றித் தள்ளினால் பிட்டு மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு உங்கள் கையை முன்னால் இழுக்கும். அதைப்போலவே பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் நுழைக்காதீர்கள். பிட்டின் பின்பக்கம் எதிர்த்திசையில் ஓடுவதால், வலமிருந்து இடம் தள்ளினாலும் அங்கே மரம் அம்பு மாதிரிப் பாயும்.

ஓர் அடிக்குக் குறைந்த துண்டைக் கையால் நேராகத் தள்ள வேண்டாம். அடியில் ரப்பர் ஒட்டிய தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள்.

முதல் வேலை: 10க்கு 12 படச் சட்டம்

40 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனத்துக்கு இழைத்த தேக்கு ரீப்பர், ஒரே நீளமாக ஐந்தரை அடி. நான்கு பக்கமும் சேர்த்து வெளிச்சுற்று 1,400 மி.மீ. வரும், மீதி அறுப்புச் சேதாரத்துக்கு. முதலில் துண்டு போட்டுவிட்டுக் காடி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீளமாகவே எல்லாம் எடுத்து, கடைசியில் 45 டிகிரி அறுக்க வேண்டும்.

முதலில் முன்முகத்தின் உள்விளிம்பில் வளைவு. முகத்தை மேசை மேல் கவிழ்த்து, ரெண்டு நூல் வளைவுப் பிட்டால் இரண்டு தடவையில் எடுங்கள். காடியை முதலில் எடுத்தால் இந்தப் பிட்டின் பேரிங் சரியாக உரசும் அளவுக்கு மரம் மிஞ்சாது, அதனால்தான் இந்த வரிசை.

அடுத்து காடி. 12 மி.மீ. நேர்ப்பிட்டு, ஃபென்ஸுக்கு வெளியே 6 மி.மீ. மட்டும் தெரியட்டும். ரீப்பரின் பின்முகம் கீழே. உயரம் 4, பிறகு 8, பிறகு 10 மி.மீ. என மூன்று தடவை. 2 மி.மீ. கண்ணாடி, அட்டை, படம், 3 மி.மீ. பின்பலகை எல்லாம் சேர்ந்து சுமார் 7 மி.மீ. ஆகும், மிச்சம் 3 மி.மீ. ஆணி படுக்க. உண்மையான ரீப்பரில் கை வைப்பதற்கு முன், அதே கனமுள்ள துண்டு ஒன்றில் ஓட்டிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

பழைய மரத்தில் கவனிக்க

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ வீடு பிரிக்கிற இடத்திலோ வாங்கிய மரத்தில் ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலை உடைந்து உள்ளே புதைந்தது வெளியே கருநீலக் கறையாக மட்டும் தெரியும். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெல்ல இழுத்தால் ஆணி இருக்கும் இடத்தில் திரும்பும். பித்தளை ஆணியைக் காந்தம் காட்டாது, அதற்கு இழைப்புளி ஒரு தடவை போட்டபின் கண்தான் துணை. கார்பைடு முனை ஆணியில் பட்டால் உடைந்து தெறிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதை ரூட்டரில் கொடுத்துத் தூளாக்காதீர்கள். முதலில் ஈரப்படுத்திச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

தகராறுகள்

கருகல் வந்தால் தள்ளும் வேகம் போதவில்லை, நடுவில் நின்றிருக்கிறது, அல்லது பிட்டில் பிசின் ஏறியிருக்கிறது. பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், பேரிங்கைக் கழற்றிவிட்டு. விளிம்பில் சில்லு தெறித்தால் ஒரே தடவையில் அதிகம் எடுக்கிறீர்கள். கடைசித் தடவையை அரை மி.மீ.க்கு வைத்தால் உப்புத்தாள் வேலையும் குறையும். காடியின் ஆழம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறினால் முதல் சந்தேகம் காலெட், அடுத்தது மரத்தை ஒரே அழுத்தத்தில் பிடிக்காதது. அலை அலையாக வந்தால் மிஷின் தாங்காமல் திணறுகிறது என்று அர்த்தம்.

தலைகீழ் ரூட்டர் தூளை மோட்டாருக்குள் இழுக்கும். வேலை முடிந்ததும் புளோயரால் ஊதுங்கள், காலெட்டையும் கழற்றி உள்ளே துடையுங்கள். மழை முடிந்த தை மாதம் ஒருமுறை, கத்திரி வெயில் கழிந்ததும் ஒருமுறை எஃகு ஸ்கேலையும் ஜெராக்ஸ் தாளையும் எடுத்து ஆறாவது படியைத் திரும்பச் செய்யுங்கள்.